விசிறி வேகத்துக்கு எந்த போர்டு? முதலில் ஒயரை எண்ணுங்கள்

மேசை மேல் 12 வோல்ட் விசிறி ஒன்று, ஆர்டுயினோ ஊனோ என்ற மைக்ரோகன்ட்ரோலர் போர்டு ஒன்று, அதன் தலையில் செருகிய மோட்டார் ஷீல்டு, அதாவது மோட்டாரை ஓட்டும் துணை போர்டு ஒன்று. புரோகிராமில் வேகத்தை 40 சதவீதம் என்று வைத்தேன். விசிறி சுற்றவில்லை. கொசு காதருகே வந்த மாதிரி ஒரு முனகல் மட்டும் கேட்டது. இறக்கையை விரலால் லேசாகத் தள்ளிவிட்டதும் சுற்ற ஆரம்பித்தது, ஆனால் திக்கித் திக்கி. சரி, முழு வேகம் கொடுத்துப் பார்ப்போம் என்று 100 சதவீதம் வைத்து, விசிறியின் இரண்டு ஒயர்களிலும் மீட்டரை வைத்தேன். சப்ளையில் 12.1 வோல்ட் இருந்தது. விசிறிக்கு வந்து சேர்ந்தது 10.5. மீதி 1.6 வோல்ட் ஷீல்டிலேயே சூடாகப் போய்க்கொண்டிருந்தது.

போர்டில் கோளாறு ஏதும் கிடையாது, விசிறியும் நல்ல விசிறிதான். ஜோடிதான் பொருந்தவில்லை. மைக்ரோகன்ட்ரோலரை வைத்து விசிறி வேகத்தைக் கூட்டிக் குறைக்க வேண்டும் என்றதும் பலரும் முதலில் தேடுவது மோட்டார் ஷீல்டைத்தான். விசிறிக்குள் இருப்பது மோட்டார், ஆகவே மோட்டார் ஷீல்டு. கணக்கு சரிபோலத்தான் தோன்றும். ஆனால் அந்த ஷீல்டுகள் எந்த வேலைக்காகச் செய்யப்பட்டவை, விசிறிக்குள் இருப்பது எந்த வகை மோட்டார் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பெரும்பாலான விசிறிகளுக்கு அது தேவையில்லாத செலவு. சில விசிறிகளுக்குத் தொந்தரவும்கூட.

அதனால் போர்டைத் தேடுவதற்கு முன் விசிறியைக் கையில் எடுத்து ஒயர்களை எண்ணுங்கள். நான்கு இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. மூன்று இருந்தால் மூன்றாவது ஒயர், விசிறி எத்தனை சுற்று சுற்றுகிறது என்று சொல்வதற்கானது. வேகத்தை மாற்ற அது உதவாது. இரண்டு மட்டும் இருந்தால் கொஞ்சம் ஆராய வேண்டும். உள்ளே இருப்பது கார்பன் பிரஷ் உள்ள சாதாரண டிசி மோட்டாரா, பிரஷ் இல்லாத மோட்டாரா என்பதுதான் கேள்வி. சிறிய உலோக டப்பா மோட்டாரின் தண்டில் இறக்கை மாட்டியிருந்தால் அநேகமாக பிரஷ் மோட்டார். கணினிப் பெட்டிக்குள் இருக்கும் சதுரச் சட்ட விசிறி மாதிரி, இறக்கையின் குமிழுக்குள்ளேயே மோட்டார் ஒளிந்திருந்தால் பிரஷ் இல்லாதது. அப்படிப்பட்ட விசிறிக்குள் காந்தத்தை உணரும் ஒரு ஹால் சென்சாரும், காயில்களுக்கு மாற்றி மாற்றி மின்சாரம் கொடுக்கும் ஒரு சிறு சில்லும் குடியிருக்கின்றன. ப்ளஸ் மைனஸைத் திருப்பிப் போட்டுச் சோதிக்கலாமே என்று தோன்றும். வேண்டாம், உள்ளே இருக்கும் சில்லு போய்விடலாம்.

வீட்டு மின்சாரத்தில் நேரடியாக ஓடும் விசிறி தனி ஜாதி. அதைக் கடைசியில் பார்ப்போம்.

மோட்டார் ஷீல்டு யாருக்கு?

மோட்டார் ஷீல்டுகளின் அடிப்படை வேலை, மோட்டாரை முன்னும் பின்னும் சுற்ற வைப்பது. அதற்காகத்தான் எச்-பிரிட்ஜ் என்கிற நான்கு சுவிட்ச் அமைப்பு. ரோபோ வண்டிக்கு அது கட்டாயம் வேண்டும். விசிறியை யாரும் பின்பக்கமாகச் சுற்றவிடப் போவதில்லை. ஆக, நான்கு சுவிட்சில் ஒன்று போதுமான இடத்தில் நான்குக்கும் விலை கொடுக்கிறோம். போகட்டும், அதோடு மின்னழுத்த இழப்பையும் சேர்த்து வாங்குகிறோம்.

இழப்பு எவ்வளவு என்பது ஷீல்டில் இருக்கும் சில்லைப் பொறுத்தது. ஆர்டுயினோவின் சொந்த மோட்டார் ஷீல்டில், மூன்றாம் பதிப்பில், எல்298 இருக்கிறது. ஒரு சேனலுக்கு 2 ஆம்பியர் வரை தாங்கும். பழைய பைபோலார் டிரான்சிஸ்டர் வடிவமைப்பு என்பதால் 1 ஆம்பியர் ஓடும்போதே 1.8 வோல்ட் முதல் 3.2 வோல்ட் வரை விழும் என்று அதன் தரவுத்தாளே சொல்கிறது. நான் மீட்டரில் பார்த்த 1.6 வோல்ட் இந்தக் கணக்கில் வந்ததுதான். சிறிய விசிறி, குறைந்த மின்னோட்டம், அதனால் கொஞ்சம் குறைவாக விழுந்தது.

எல்293டி இருக்கும் பழைய ஷீல்டுகள் இன்னும் நிறையப் புழங்குகின்றன. ஒரு சேனலுக்கு 0.6 ஆம்பியர்தான், முழுச் சுமையில் இரண்டரை வோல்ட்டுக்கு மேலேயே விழுங்கிவிடும். 12 வோல்ட் விசிறி இதைச் சமாளித்துவிடும். 5 வோல்ட் விசிறியை மாட்டினால் பாதி மின்னழுத்தம் வழியிலேயே காணாமல் போய், கிளம்பவே கிளம்பாது. 'ஷீல்டு கெட்டுப்போச்சு' என்று வரும் புகார்களில் பல இந்த ரகம்தான்.

ஷீல்டுதான் வேண்டும் என்று முடிவு செய்துவிட்டால், டிபி6612 சில்லு உள்ளதை எடுங்கள். அது மாஸ்ஃபெட் வகை, அதாவது மின்னழுத்தத்தால் திறந்து மூடும், இழப்பு குறைந்த டிரான்சிஸ்டர் சுவிட்ச். மேல் சுவிட்ச், கீழ் சுவிட்ச் இரண்டும் சேர்ந்து அரை ஓம் அளவுதான் தடை. அரை ஆம்பியர் ஓடினால் கால் வோல்ட் இழப்பு. ஒரு சேனலுக்கு 1.2 ஆம்பியர் தாங்கும். அடாஃப்ரூட்டின் இரண்டாம் பதிப்பு மோட்டார் ஷீல்டு இந்தச் சில்லைத்தான் பயன்படுத்துகிறது.

அதிலும் ஒரு சங்கடம் உண்டு. மின்சாரத்தை வேகமாக வெட்டி வெட்டி இணைத்து, இணைந்திருக்கும் நேரத்தின் சதவீதத்தால்தான் வேகத்தை மாற்றுகிறோம். அந்த ஷீல்டில் வேகத்துக்கான இந்தத் துடிப்பை உண்டாக்குவது ஆர்டுயினோ அல்ல, ஷீல்டின் மேலேயே இருக்கும் பிசிஏ9685 என்ற இன்னொரு சில்லு. பின்களை மிச்சப்படுத்த நல்ல ஏற்பாடு. ஆனால் அதன் உச்ச அதிர்வெண் சுமார் 1,500 ஹெர்ட்ஸ்தான். 1,500 ஹெர்ட்ஸ் என்பது காது நன்றாகப் பிடிக்கும் இடம். அமைதியான அறையில் அந்தக் கீச்சொலி விசிறிக் காற்றின் சத்தத்தைவிட முன்னால் வந்து நிற்கும். மோட்டார் ஷீல்டை ரோபோவுக்கு எடுப்பவர் இதைப் பொருட்படுத்த மாட்டார். விசிறிக்கு எடுப்பவருக்கு இதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும், ஏனென்றால் வேகத்தைக் குறைக்க நினைப்பதே சத்தத்தைக் குறைக்கத்தானே.

ஆர்டுயினோவின் சொந்த ஷீல்டில் அதிர்வெண்ணை ஏற்ற முடியும், ஆனால் பின் நெருக்கடி. வேகத்துக்கு 3, 11. திசைக்கு 12, 13. பிரேக்குக்கு 9, 8. மின்னோட்டத்தை அளக்க ஏ0, ஏ1. துடிப்பின் நேரத்தை எண்ணுவது சில்லுக்குள் இருக்கும் டைமர். வேகத்துக்கான 3, 11 இரண்டும் ஒரே டைமரில், அதாவது இரண்டாம் டைமரில், தொங்குகின்றன. காதுக்கு எட்டாத 25 கிலோஹெர்ட்ஸைத் துல்லியமாகக் கொண்டுவர அந்த டைமர் எண்ணும் உச்ச எண்ணை மாற்றினால் 11-வது பின் கையைவிட்டுப் போய்விடும். இரண்டு விசிறியும் வேண்டுமென்றால் 31 கிலோஹெர்ட்ஸில் ஓட விடலாம், ஆனால் எல்298 அந்த வேகத்தில் இன்னும் சூடாகும். இதோடு ஒன்று: 9 வோல்ட்டுக்கு மேல் சப்ளை கொடுப்பதாக இருந்தால், ஷீல்டின் அடியில் இருக்கும் 'வின் கனெக்ட்' இணைப்பை வெட்டிவிடுவது நல்லது. இல்லையென்றால் அதே மின்னழுத்தம் கீழே இருக்கும் ஆர்டுயினோவுக்கும் போய்ச் சேரும்.

என் கருத்து இதுதான். பிரஷ் மோட்டார் விசிறி, ஏற்கெனவே கையில் ஷீல்டு இருக்கிறது, சத்தம் ஒரு பொருட்டல்ல என்றால் தாராளமாக மாட்டுங்கள். விசிறிக்கென்றே புதிதாக ஒரு மோட்டார் ஷீல்டு வாங்காதீர்கள்.

ஒரு மாஸ்ஃபெட் போதும்

இரண்டு ஒயர் பிரஷ் விசிறிக்கு, காலி ப்ரோட்டோ ஷீல்டு ஒன்றை எடுத்து, அதில் ஒரு மாஸ்ஃபெட், ஒரு டயோடு, இரண்டு ரெசிஸ்டர் வைத்துப் பற்றவைத்தால் வேலை முடிந்தது. விசிறியின் ப்ளஸ் நேராக சப்ளைக்கு. மாஸ்ஃபெட்டுக்கு டிரெயின், சோர்ஸ், கேட் என்று மூன்று கால்கள். விசிறியின் மைனஸ் டிரெயினுக்கு. சோர்ஸ் தரைக்கு, அதாவது சப்ளையின் மைனஸுக்கு. ஆர்டுயினோ பின்னிலிருந்து 150 ஓம் வழியாக, சுவிட்சைத் திறந்து மூடும் கேட்டுக்கு ஒரு கோடு. கேட்டிலிருந்து தரைக்கு ஒரு 10 கிலோ ஓம். போர்டு விழித்தெழும் நேரத்தில் கேட் அந்தரத்தில் தொங்காமல் இருக்க இது அவசியம். விசிறிக்குக் குறுக்கே டயோடு, கோடு போட்ட பக்கம் ப்ளஸ் பார்த்து.

இதில் இரண்டு இடத்தில் தவறு நடக்கிறது, இரண்டுமே பொருள் வாங்கும்போது நடக்கும் தவறுகள்.

முதலாவது, மாஸ்ஃபெட் தேர்வு. தயார் நிலையில் விற்கும் சின்ன மாஸ்ஃபெட் போர்டுகளில் பெரும்பாலும் ஐஆர்எஃப்520 இருக்கும். அது கேட்டில் 10 வோல்ட் கொடுத்தால் முழுதாகத் திறக்கும் ரகம். ஆர்டுயினோவின் 5 வோல்ட்டில் அரைகுறையாகத் திறக்கும். இஎஸ்பி32, ராஸ்பெர்ரி பை மாதிரி 3.3 வோல்ட் போர்டுகளில் திறக்குமா என்பதே சந்தேகம். அரைகுறையாகத் திறந்த மாஸ்ஃபெட் சூடாகும், விசிறி மெதுவாக ஓடும், நாம் புரோகிராமில் பிழை தேடிக்கொண்டிருப்போம். 'லாஜிக் லெவல்' என்று போட்டதை எடுக்க வேண்டும். ஐஆர்எல்இசட்44என் 5 வோல்ட் கேட்டில் 0.025 ஓம்தான் தடை காட்டும். 1 ஆம்பியர் ஓடினால் கால் பங்கு வோல்ட்கூட இல்லை, அதில் பத்தில் ஒரு பங்கு. எல்298-இன் 1.8 வோல்ட்டோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள், எதற்காக இதைச் சொல்கிறேன் என்று புரியும்.

இரண்டாவது, டயோடு. கைக்குக் கிடைக்கிறதே என்று 1என்4007 வைப்பார்கள். அது 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தை நேராக்கப் பிறந்தது, சுணக்கமான டயோடு. ரிலே காயிலுக்குக் குறுக்கே வைத்தால் குறை சொல்ல முடியாது. நொடிக்கு 25,000 தரம் திறந்து மூடும் இடத்தில் அதற்கு மூச்சு வாங்கும். 1என்5819 மாதிரி ஷாட்கி டயோடு 1 ஆம்பியர் வரையிலான விசிறிக்குப் போதும்.

அதிர்வெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. ஊனோவில் அனலாக்ரைட் கட்டளை கொடுத்தால் வழக்கமாகக் கிடைப்பது 490 ஹெர்ட்ஸ். 5, 6 பின்களில் மட்டும் 980. இரண்டும் காதில் விழும். டைமரை மாற்றி 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் கொண்டுபோய்விட்டால் அந்த ஓசை மறைந்துவிடும். மறைந்தபின் கேட்பது இறக்கையின் காற்றுச் சத்தம் மட்டும்தான்.

பிரஷ் மோட்டாரில் இன்னொன்றைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். நின்ற நிலையிலிருந்து 25 சதவீதத்தில் கிளப்பாதீர்கள். உள்ளே உராய்வைத் தாண்ட அந்தச் சக்தி பத்தாது. சுற்றாமல் நிற்கும் மோட்டாரில் மின்சாரம் மட்டும் ஓடி, காயில் சூடாகும். முதல் அரை நொடி முழுச் சக்தி, அப்புறம் வேண்டிய அளவுக்கு இறக்குவது. இரண்டு வரி புரோகிராம்தான்.

மூன்று ஒயர் விசிறியும் காணாமல் போகும் சிக்னலும்

அதே மாஸ்ஃபெட்டை மூன்று ஒயர் விசிறிக்கும் வைத்துவிடலாம் என்று தோன்றும். நானும் வைத்தேன். விசிறி ஓடியது. மூன்றாவது ஒயரை, சிக்னல் மாறும் ஒவ்வொரு தடவையும் கவனிக்கும் இன்டரப ்ட் பின்னில் கொடுத்து எண்ணிப் பார்த்தால், வேகத்தைக் குறைக்கக் குறைக்க எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. விசிறி நிற்கப்போகும் வேகத்தில் திரையில் பல்லாயிரம் சுற்றுகள்.

காரணம் எளிது. மாஸ்ஃபெட் விசிறியின் மைனஸ் பக்கத்தை வெட்டி வெட்டி இணைக்கிறது. சுற்றைச் சொல்லும் ஒயரோ அந்த மைனஸை ஆதாரமாக வைத்துத்தான் மேலும் கீழும் ஆடுகிறது. ஆதாரமே நொடிக்கு 490 தரம் தரையை விட்டு எழும்பி விழுந்தால், நாம் எண்ணுவது விசிறியின் சுற்றை அல்ல, நம்முடைய சொந்தத் துடிப்பைத்தான். போதாக்குறைக்கு, உள்ளே இருக்கும் சில்லுக்கும் ஒவ்வொரு தடவையும் மின்சாரம் போய்ப் போய் வருகிறது. திக்கித் திக்கிச் சுற்றியதற்கும், தொடக்கத்தில் சொன்ன அந்த முனகலுக்கும் அதுதான் காரணம்.

மூன்று ஒயர் விசிறிக்கும், பிரஷ் இல்லாத இரண்டு ஒயர் விசிறிக்கும் சரியான வழி, துடிப்பு கொடுக்காமல் மின்னழுத்தத்தையே ஏற்றி இறக்குவது. ப்ளஸ் பக்கத்தில் பி-சேனல் மாஸ்ஃபெட், அதன் பின்னால் ஒரு காயில், ஒரு மின்தேக்கி, ஒரு டயோடு என்று வைத்து, உயர் அதிர்வெண் துடிப்பைச் சமமான டிசியாக மாற்றிக் கொடுக்கலாம். மைனஸ் எப்போதும் தரையில் இருப்பதால் சுற்று எண்ணிக்கையும் ஒழுங்காக வரும். ஒரு குறை, கீழ்வேகம். 12 வோல்ட் விசிறிகள் பல 5 வோல்ட் சுமாருக்குக் கீழே வந்தால் நின்றுவிடும். ஓடிக்கொண்டிருக்கும்போது தாக்குப்பிடிக்கும் மின்னழுத்தத்தில் நின்ற நிலையிலிருந்து கிளம்பாது. இவ்வளவு பாடுபட்டுச் செய்யலாமா என்று கேட்டால், விசிறியை மாற்றவே முடியாத இடத்தில் மட்டும் செய்யுங்கள். மாற்ற முடியுமென்றால் அந்த உழைப்பை நான்கு ஒயர் விசிறியில் போடுங்கள்.

நான்கு ஒயர்: தனி போர்டே தேவையில்லை

இந்த விசிறிக்கு 12 வோல்ட் எப்போதும் முழுதாகப் போய்க்கொண்டே இருக்கும். நான்காவது ஒயரில் ஒரு சின்ன சிக்னல் கொடுத்து, 'இவ்வளவு வேகம்' என்று சொன்னால் போதும். காயில்களை வெட்டி இணைக்கும் வேலையை உள்ளே இருக்கும் சில்லே பார்த்துக்கொள்ளும். இதற்கான விதிமுறையை இன்டெல் வெளியிட்டது. 2005-இல் வந்த 1.3 பதிப்பைத்தான் இன்றும் விசிறி செய்பவர்கள் பெரும்பாலும் பின்பற்றுகிறார்கள். அதில் நமக்கு வேண்டியவை கொஞ்சம்தான். சிக்னல் அதிர்வெண் 25 கிலோஹெர்ட்ஸ், 21 முதல் 28 வரை இருந்தால் ஏற்றுக்கொள்ளும். கட்டுப்பாட்டு ஒயரை விசிறியே உள்ளிருந்து மேலே இழுத்து வைத்திருக்கும், அது 5.25 வோல்ட்டைத் தாண்டாது. நாம் அதைத் தரைக்கு இழுத்தால் போதும், அதிகபட்சம் 5 மில்லி ஆம்பியர்தான் ஓடும். ஒரு சுற்றுக்கு இரண்டு துடிப்பு, எண்ணிக்கை ஒயரில் வரும்.

5 மில்லி ஆம்பியரை ஊனோவின் பின் சாதாரணமாகத் தாங்கும். ஆகவே ஷீல்டும் வேண்டாம், மாஸ்ஃபெட்டும் வேண்டாம். ஊனோவில் முதலாம் டைமரை, உச்சம் வரை ஏறி மறுபடி இறங்கி எண்ணும் ஃபேஸ் கரெக்ட் முறையில், உச்ச எண் 320 என்று வைத்தால், 16 மெகாஹெர்ட்ஸை 640-ஆல் வகுத்து அச்சாக 25,000 ஹெர்ட்ஸ் கிடைக்கும். 9, 10 பின்களில் வெளியே வரும். ஒரு விஷயம் பலரையும் மாட்டிவிடுகிறது: டைமரை இப்படி மாற்றிய பிறகும் பழக்கத்தில் அனலாக்ரைட்டையே எழுதுவார்கள். அது 0 முதல் 255 வரைதான் அறியும். உச்சம் 320 ஆகிவிட்டதால், 254 கொடுத்தால்கூட 79 சதவீதம்தான். அப்புறம் 255 கொடுத்ததும் ஒரே தாவாக 100. நேரடியாக ஓசிஆர்1ஏ பதிவேட்டில் எழுதுங்கள். 96 எழுதினால் 30 சதவீதம், 160 எழுதினால் 50. சர்வோ நூலகமும் ஊனோவில் இதே முதலாம் டைமரைத்தான் எடுத்துக்கொள்ளும் என்பதால், ஒரே போர்டில் சர்வோவும் விசிறியும் வைக்க நினைப்பவர்கள் விசிறியை இரண்டாம் டைமரின் 3-வது பின்னுக்கு நகர்த்திக்கொள்ளலாம்.

3.3 வோல்ட் போர்டு என்றால் நடுவே ஒரு சின்ன என்பிஎன் டிரான்சிஸ்டர் வையுங்கள். 5 வோல்ட் வரை போகக்கூடிய ஒயரை நேராக இஎஸ்பி32 பின்னில் மாட்ட வேண்டாம். டிரான்சிஸ்டர் வைத்தால் சிக்னல் தலைகீழாகும். 30 சதவீத வேகத்துக்கு 70 சதவீதம் எழுத வேண்டும். ஒருமுறை புரோகிராமில் கழித்து எழுதிவிட்டால் மறந்துவிடலாம். எண்ணிக்கை ஒயரையும் போர்டின் சொந்த மின்னழுத்தத்துக்கு ஒரு 10 கிலோ ஓம் வழியாக இழுத்துக் கட்டுங்கள். விசிறியின் 12 வோல்ட்டுக்கு இழுத்தால் பின் போய்விடும். விசிறியின் சப்ளையும் போர்டும் வேறு வேறாக இருந்தால் தரை ஒயர் இரண்டுக்கும் பொதுவாக இருக்க வேண்டும். இதை விட்டுவிட்டு 'சிக்னலே வேலை செய்யவில்லை' என்பவர்கள் நிறைய.

நொடிக்கு 40 துடிப்பு வந்தால் 20 சுற்று, நிமிடத்துக்கு 1,200. இந்த எண் கையில் வந்ததும் விளையாட்டே மாறிவிடும். தூசி அடைந்து வேகம் குறைந்தால் தெரியும். இறக்கையில் ஒயர் சிக்கி நின்றுவிட்டால் தெரியும். இன்னொன்றும் கண்ணுக்குத் தெரிய வரும்: விசிறியின் காற்று வேகத்துக்கு நேர் விகிதத்தில் குறைகிறது, அது இழுக்கும் சக்தியோ வேகத்தின் மூன்றாம் அடுக்கில் குறைகிறது. வேகத்தை 80 சதவீதம் ஆக்கினால் காற்றில் ஐந்தில் ஒரு பங்குதான் குறையும், இறக்கை இழுக்கும் சக்தியில் பாதி மிச்சம். சத்தம் ஏறக்குறைய 5 டெசிபல் குறையும். அதனால் வெப்பநிலை 40 டிகிரி தாண்டினால் முழு வேகம், இல்லையேல் நிறுத்து என்று எழுதுவதைவிட, படிப்படியாக ஏற்றி இறக்கி எப்போதும் கொஞ்சம் ஓடவிடுவது எல்லா வகையிலும் லாபம்.

ஒரு குறையும் சொல்லிவிட வேண்டும். 20 சதவீதத்துக்குக் கீழே எழுதினால் ஒவ்வொரு விசிறியும் ஒவ்வொரு மாதிரி நடந்துகொள்ளும். சில நின்றுவிடும், சில தன் குறைந்தபட்ச வேகத்திலேயே பிடிவாதமாக ஓடும். உங்கள் விசிறியை மேசையில் வைத்து ஒருமுறை சோதித்து எண்ணைக் குறித்துக்கொள்வதுதான் வழி.

நான்கைந்து விசிறிகள், மைக்ரோகன்ட்ரோலருக்கு வேறு வேலை நிறைய என்றால் ஐ-டூ-சி என்ற இரண்டு ஒயர் இணைப்பு வழியாகப் பேசும் விசிறிக் கட்டுப்பாட்டுச் சில்லுகள் உண்டு. இஎம்சி2101 தன்னிடமே வெப்பநிலை அளக்கும் வசதியும், எட்டுப் படி வேக அட்டவணையும் வைத்திருக்கிறது. மேக்ஸ்31790 ஆறு விசிறிகளை ஒன்றாக மேய்க்கும். 'நிமிடத்துக்கு 900 சுற்று வேண்டும்' என்று சொல்லிவிட்டால் மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும். ஒரே ஒரு விசிறிக்கு இவை வேண்டாம்.

வீட்டு மின்சாரத்தில் ஓடும் விசிறி

இங்கே முதல் கேள்வி பாதுகாப்பு, வேகம் இரண்டாவது. மெயின்ஸில் பழகாதவர்கள் பிரெட்போர்டில் எதையும் கட்டாதீர்கள். ஒளி வழியாக மட்டும் சிக்னலைக் கடத்தும் ஆப்டோகப்ளர் வைத்து தனிமைப்படுத்திய, மூடிய பெட்டிக்குள் வைக்கக்கூடிய தயார் போர்டையே எடுங்கள்.

கூரை விசிறியில் வழக்கமாக இருப்பது மின்தேக்கியோடு ஓடும் ஒற்றை ஃபேஸ் இன்டக்‌ஷன் மோட்டார். அதற்கு இரண்டு வழி. ட்ரையாக் என்ற ஏசி மின்னணு சுவிட்ச் உள்ள போர்டு ஒன்று. மின்சார அலை பூஜ்யத்தைக் கடக்கும் கணத்தைப் பிடித்து, அதிலிருந்து எவ்வளவு தாமதித்துத் திறப்பது என்று மைக்ரோகன்ட்ரோலர் கணக்கிடும். 50 ஹெர்ட்ஸில் அரை அலை 10 மில்லி நொடி, 60 ஹெர்ட்ஸில் 8.3. வேகம் சீராக, படியில்லாமல் மாறும். ஆனால் வெட்டுப்பட்ட அலையால் மோட்டார் உறுமும், குறைந்த வேகத்தில் கூடுதலாகச் சூடாகும். வாங்கும்போது போர்டில் என்ன ஆப்டோ இருக்கிறது என்று பாருங்கள். எம்ஓசி3021 எந்தக் கணத்திலும் திறக்கும். எம்ஓசி3041 பூஜ்யத்தில் மட்டுமே திறக்கும், அதை வைத்துக்கொண்டு இந்த முறையில் வேகத்தை மாற்றவே முடியாது. சாலிட் ஸ்டேட் ரிலே போர்டுகளில் பல இந்த இரண்டாவது வகை.

மற்றொரு வழி, சுவரில் இருக்கும் படி ரெகுலேட்டர் செய்வதை ரிலே போர்டால் செய்வது. விசிறிக்குத் தொடராக மின்தேக்கிகளை வைத்து, எது எது இணைய வேண்டும் என்று ரிலேக்கள் தேர்ந்தெடுக்கும். மூன்று நான்கு வேகம்தான் கிடைக்கும், ஆனால் அலை வெட்டுப்படாததால் உறுமல் கிடையாது. படுக்கையறை விசிறிக்கு நான் தயங்காமல் இதைத்தான் சொல்வேன். தலைக்கு மேலே இரவு முழுக்க உறுமும் விசிறியில் நூறு படி வேகம் இருந்து என்ன பயன்? மின்தேக்கிகள் ஏசிக்கென்று குறித்தவையாக இருக்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் குறுக்கே மின்னேற்றத்தை வடிக்க ஒரு ரெசிஸ்டர் வேண்டும், ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொள்ளாமல் இருக்கத் தொடராக ஒரு சிறு ரெசிஸ்டரும் வேண்டும்.

கூரையில் இருப்பது ரிமோட்டோடு வந்த பிஎல்டிசி (பிரஷ் இல்லாத டிசி மோட்டார்) விசிறி என்றால் மேலே சொன்ன எதையும் அதன் மேல் வைக்காதீர்கள். அதற்குள் தனி எலக்ட்ரானிக்ஸ் இருக்கிறது, வெட்டிய அலையைக் கொடுத்தால் கெட்டுவிடலாம். ரிமோட் அகச்சிவப்பு வகை என்றால் அதற்கு ஒரு அகச்சிவப்பு எல்இடி போதும். ரிமோட் அனுப்பும் சிக்னலை ஒரு ரிசீவரில் பிடித்துப் பதிந்துகொண்டு, மைக்ரோகன்ட்ரோலரிலிருந்து 38 கிலோஹெர்ட்ஸில் திருப்பி அனுப்பினால் விசிறி கேட்கும். மெயின்ஸ் ஒயரைத் தொடவே வேண்டியதில்லை.

போர்டு நின்றால் விசிறி என்ன செய்யும்?

விசிறி எதையாவது குளிர்விக்கத்தான் ஓடுகிறது என்றால், தேர்வை முடிவு செய்ய வேண்டிய கேள்வி இதுதான் என்பேன். விலை, சத்தம் எல்லாம் அப்புறம்.

மாஸ்ஃபெட் அமைப்பில் 10 கிலோ ஓம் கேட்டைத் தரைக்கு இழுத்து வைத்திருக்கிறது. ஆர்டுயினோவுக்கு மின்சாரம் நின்றுபோனால் விசிறியும் நின்றுவிடும். மோட்டார் ஷீல்டிலும் அதே கதைதான். நான்கு ஒயர் விசிறியில் நேர்மாறு. கட்டுப்பாட்டு ஒயரை யாரும் கீழே இழுக்கவில்லை என்றால் விசிறி அதை 100 சதவீதம் என்று எடுத்துக்கொள்ளும். ஒயர் கழன்றாலும், போர்டை யாராவது பிடுங்கிவிட்டாலும், விசிறி முழு வேகத்தில் ஓடும். குளிர்விக்க வேண்டிய பொருள் பிழைத்துக்கொள்ளும்.

ஒரு ஓட்டை மட்டும் இருக்கிறது. புரோகிராம் எங்காவது மாட்டிக்கொண்டு நின்றாலும், டைமர் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். கடைசியாக 30 சதவீதம் எழுதியிருந்தால் அந்த 30 சதவீதமே தொடரும், வெப்பம் ஏறினாலும் விசிறிக்குத் தெரியாது. அதற்கு வாட்ச்டாக் வேண்டும். ஊனோவின் சில்லில் அதிகபட்சம் 8 நொடி வரை வைக்கலாம். அதற்குள் புரோகிராம் வந்து தட்டிக்கொடுக்கவில்லை என்றால் சில்லு தானாக மறுதொடக்கம் ஆகும். அந்தக் கணத்தில் போர்டின் பின் கட்டுப்பாட்டு ஒயரை விட்டுவிடும், விசிறி சீறிக்கொண்டு மேலே போகும், புரோகிராம் மறுபடி பொறுப்பேற்றதும் இறங்கும்.

என் மேசையில் அந்த மோட்டார் ஷீல்டைக் கழற்றிவிட்டு நான்கு ஒயர் விசிறி மாட்டிய அன்று முதலில் செய்தது இந்தச் சோதனைதான். 30 சதவீதத்தில் காதுக்கு எட்டாமல் ஓடிக்கொண்டிருந்தது. முடிவில்லாத ஒரு சுழலில் புரோகிராமை வேண்டுமென்றே மாட்டவிட்டு, எட்டு வரை எண்ணினேன். ஒரு கணம் உஸ்ஸென்று இரைந்து, மறுபடி அடங்கியது. அப்புறம் கட்டுப்பாட்டு ஒயரைக் கையால் உருவினேன். விசிறி முழு வேகத்துக்குப் போய் அங்கேயே நின்றது. ஒயரைத் திரும்பச் செருகி, பெட்டியை மூடினேன்.